இலக்கம் எந்தப் பக்கத்தால் தொடங்குகிறது?

(வெள்ளவத்தையிலே நடைபெற்ற எமது இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சமயச் சொற்பொழிவும் இலக்கியச் சொற்பொழிவும் கேட்டுப் பழகிய சபை இது. இத்தகைய சபையிலே கணினித் தொழில் செய்யும் ஒருவனை அழைத்து, "உன் தொழிலிலே நாங்கள் அறியத்தக்கது ஏதாவது இருந்தால் சொல்" என்று கேட்டிருக்கிறீர்கள். இளைஞர்களிற் பலர் கணினி படிப்பவர்கள். பெரியோர்களிற் பலருக்கு அது பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கும் கண்ணாடி. இரு சாராருக்கும் பயன்படக்கூடிய ஒரே விஷயத்தைத் தேடிப் பார்த்தேன். என் தொழிலிலே நான் செய்த ஒரு பிழைதான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

இங்கு வரும் வழியிலே, ஒரு வீட்டு மேல்மாடியிலிருந்து சிறுமியர் சிலர் சரளிவரிசை பாடும் ஒலி கேட்டது. இராகம் மாயாமாளவகௌளை. சங்கீதம் பயின்றவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் அது பதினைந்தாவது மேளகர்த்தா என்று சொல்லிவிடுவார்கள். எப்படிச் சொல்கிறார்கள்? பெயருக்குள்ளேயே இலக்கம் ஒளிந்திருக்கிறது. கடபயாதி என்னும் முறைப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. "மா" என்பதற்கு 5. "யா" என்பதற்கு 1. எழுதிய வரிசையிலே வாசித்தால் 51 வருகிறது. ஆனால் அந்த முறைக்கு ஒரு விதி உண்டு. முதலிலே வருவது ஒன்றினிடம். அடுத்து வருவது பத்தினிடம். ஆகவே வலமிருந்து இடமாகத் திருப்பி வாசிக்கவேண்டும். அப்பொழுதுதான் 15 கிடைக்கும்.

இந்த விதியை அறியாத ஒருவர் கையிலே எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களின் பெயரையும் கொடுத்து, இலக்கமிடச் சொன்னால் என்ன நடக்கும்? மூன்று வகையான விளைவு உண்டாகும். அவற்றைச் சற்றுக் கவனியுங்கள். என் பேச்சு முழுவதும் இந்த மூன்றிலேதான் தங்கியிருக்கிறது.

ஹரிகாம்போதியை எடுப்போம். "ஹ" 8, "ரி" 2. திருப்பாமல் வாசித்தால் 82. எழுபத்திரண்டுக்கு மேலே மேளமே இல்லை. ஆகவே பிழை உடனே தெரிந்துவிடும். இது முதலாவது வகை.

மேசகல்யாணியை எடுப்போம். "மே" 5, "ச" 6. திருப்பி வாசித்தால் 65. கல்யாணிக்குரிய இடம் அது. திருப்பாமல் வாசித்தால் 56. ஐம்பத்தாறாவது மேளம் ஒன்று உண்டு; அது சண்முகப்பிரியா. கல்யாணி கேட்டவருக்குச் சண்முகப்பிரியா கிடைக்கும். இரண்டும் நல்ல இராகங்களே. பிழை நடந்ததென்பதற்கு அடையாளமே இராது. இது இரண்டாவது வகை.

கரஹரப்பிரியாவை எடுப்போம். "க" 2, "ர" 2. எந்தப் பக்கத்தால் வாசித்தாலும் 22. விதி தெரியாதவருக்கும் சரியான விடை வந்துவிடும். தமக்கு விதி தெரியும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். இது மூன்றாவது வகை. மூன்றிலும் பொல்லாதது இதுவே என்பதை அனுபவத்திலே கண்டேன்.

இனிக் கணினிக்கு வருவோம். கணினியின் நினைவகத்தைச் சிறு சிறு பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்ட அலுமாரி என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்குப் பைற்று என்று பெயர். ஒரு பைற்றிலே 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணைத்தான் வைக்கலாம். அதற்கு மேற்பட்ட எண்ணுக்கு ஒரு பெட்டி போதாது. நாம் ஒன்பதுக்கு மேலே போனதும் பத்தினிடத்துக்குப் போவதுபோல, கணினி 255க்கு மேலே போனதும் அடுத்த பெட்டிக்குப் போகிறது.

ஆயிரம் என்ற எண்ணை நான்கு பெட்டிகளிலே வைப்போம். ஆயிரத்திலே மூன்று 256 உண்டு, மிச்சம் 232. ஆகவே பெட்டிகளிலே 0, 0, 3, 232 என்று வைக்கலாம். பெரிய இடம் முன்னே, சிறிய இடம் பின்னே. நாம் எண்ணை எழுதும் முறையும் இதுவே. அல்லது 232, 3, 0, 0 என்று வைக்கலாம். சிறிய இடம் முன்னே, பெரிய இடம் பின்னே. கடபயாதியின் முறை இது. முன்னையதைப் பெருமுனை முறை என்றும் பின்னையதைச் சிறுமுனை முறை என்றும் சொல்லுவோம்.

எது சரி? இரண்டும் சரி. 1964ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட சிஸ்ரம் 360 என்னும் பெருங்கணினி பெருமுனை முறையைக் கைக்கொண்டது. மனிதர் வாசிக்கும் ஒழுங்கு அது. இரண்டு எண்களில் எது பெரிது என்று பார்ப்பதற்கும் முன்பக்கமிருந்து ஒப்பிட்டால் போதும். 1970ஆம் ஆண்டிலே வந்த டேற்றாபொயின்ற் 2200 என்னும் இயந்திரம் மறுபக்கத்தைப் பிடித்தது. அது ஒரு நேரத்திலே ஒரு துவித இலக்கத்தை மாத்திரம் எடுத்துக் கணக்குப் பார்க்கும் இயந்திரம். நீங்கள் கூட்டற்கணக்கை எந்தப் பக்கத்தால் தொடங்குகிறீர்கள்? ஒன்றினிடத்திலிருந்தன்றோ? மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகவேண்டுமல்லவா? அதனால் சிறிய இடம் முதலிலே கைக்கு வருவது அதற்கு வசதியாயிற்று. அந்த வழக்கத்தை 1972இலே இன்ரெல் 8008 ஏற்றுக்கொண்டது. 1978இலே வந்த 8086 தொடர்ந்தது. இன்று நம் மேசைமேலுள்ள கணினிகளும் பெரும்பாலான கைத்தொலைபேசிகளும் சிறுமுனை முறையிலேயே இயங்குகின்றன. ஐ.பி.எம். பெருங்கணினிகள் இன்றும் பெருமுனையாரே.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஜொனதன் சுவிப்ற் என்னும் ஆங்கில ஆசிரியர் 1726ஆம் ஆண்டிலே வெளியிட்ட கலிவரின் யாத்திரைக் கதையைப் பள்ளியிலே படித்திருப்பீர்கள். முட்டையைப் பெரிய முனையால் உடைப்பதா, சிறிய முனையால் உடைப்பதா என்று இரு சிறு நாடுகள் போரிட்டுக்கொள்கின்றன. சிறிய முனையால் உடைக்கமாட்டோம் என்று பதினோராயிரம் பேர் உயிர் கொடுத்ததாகக் கதை. 1980ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதியிட்டு டனி கோஹன் என்னும் கணினி அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். கணினி செய்வோரும் இப்படித்தான் சண்டையிடுகிறார்கள் என்று நகைச்சுவையாக எடுத்துக்காட்டிச் சமாதானம் வேண்டினார். எந்த முறையென்பதிலும் பார்க்க எல்லோரும் உடன்படுவதே முக்கியம் என்பது அவர் கருத்து. அந்தக் கட்டுரையிலிருந்தே பெருமுனையார், சிறுமுனையார் என்ற பெயர்கள் தொழிலிலே நிலைத்தன.

ஒரு கணினி தன் வீட்டுக்குள்ளே எந்த முறையிலே வைத்தாலும் கேடில்லை. வைத்தவனே எடுக்கிறான், வைத்த ஒழுங்கிலே எடுக்கிறான். வீட்டு வாயிலைத் தாண்டும்போதுதான் தொல்லை. ஒரு கணினி எழுதிய கோப்பை இன்னொரு கணினி வாசிக்கும்போதுதான் கேள்வி எழுகிறது: இந்த இலக்கம் எந்தப் பக்கத்தால் தொடங்குகிறது? கோப்பைப் பார்த்தால் பதில் தெரியாது. அதிலே வெறும் பெட்டிகள்தாம் உண்டு.

இப்பொழுது என் பிழைக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னர், கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்திலே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே தொழிலாளர்களின் சேமிப்புக் கணக்கை ஒரு பழைய கணினி வைத்திருந்தது. அது பெருமுனை இயந்திரம். அதை விட்டுப் புதிய இன்ரெல் இயந்திரத்துக்கு மாறவேண்டுமென்று தீர்மானித்தார்கள். செய்நிரல் சி மொழியிலே எழுதப்பட்டிருந்தது. அதைப் புதிய இயந்திரத்திலே தொகுப்பியிலிட்டேன். ஒரு பிழையும் காட்டாமல் தொகுத்துத் தந்தது. பழைய கோப்பை அப்படியே பிரதி பண்ணினேன். பரீட்சித்துப் பார்க்கவும் செய்தேன். எதைக்கொண்டு? புதிதாகத் திறந்த, காசு போடாத சில கணக்குகளைக்கொண்டு. எல்லாவற்றிலும் பூச்சியம் வந்தது, பூச்சியமே வரவேண்டும். மகிழ்ந்து வீட்டுக்குப் போனேன்.

இளைஞர்களே, பூச்சியம் என்பது கரஹரப்பிரியா. 0, 0, 0, 0 என்பதை எந்தப் பக்கத்தால் வாசித்தாலும் பூச்சியந்தான். நான் பரீட்சித்தது ஒன்றையுமே பரீட்சிக்கவில்லை.

மறுநாட் காலையிலே ஒரு முதியவர் காசு எடுக்க வந்தார். பண்டகசாலையிலே வேலை செய்து ஓய்வு பெறும் நிலையிலிருந்தவர். மனைவியை ஆசுபத்திரியிலே வைத்திருந்தார். காசு அன்றைக்கே வேண்டும். அவர் கணக்கிலே இருந்தது ஓர் இலட்சம் ரூபா. பழைய இயந்திரம் அதை 0, 1, 134, 160 என்று வைத்திருந்தது. புதியது அதே பெட்டிகளை மறுபக்கத்தால் வாசித்தது. முதன்மையான பெட்டியிலே 128 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருந்தால் அது குறை எண் என்று கொள்ளுவது வழக்கம். ஆகவே திரையிலே தோன்றிய இலக்கம் 1,601,830,656. அதன் முன்னே குறை அடையாளம். கடன் உள்ளவருக்குக் காசு கொடுக்கலாகாது என்று செய்நிரலிலே விதி இருந்தது. கருமபீடத்திலிருந்த பிள்ளை, "ஐயா, உங்கட கணக்கிலை கடன் இருக்குது, காசு தர ஏலாது" என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு வாங்கிலே போய் இருந்துவிட்டார்.

அங்கே ஒரு பழைய இலிகிதர் இருந்தார். கணினி வந்த பின்னும் தமக்கென்று ஒரு கைப்பேரேடு எழுதிவந்தவர். அதற்காக எங்களைப் போன்ற இளையவர்களிடம் கேலியும் வாங்கியவர். அவர் திரையை எட்டிப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த மனுசன் பிறந்த நாள் துவக்கம் கடன்பட்டாலும் நூற்றறுபது கோடிக்குப் பட ஏலுமே?"

என்னிடம் மறுமொழி இல்லை.

"பிழை உங்கட மெசினிலை. பேரேட்டிலை காசு இருக்குது. முதலிலை அந்த மனுசனுக்குக் காசைக் குடுப்பிச்சுப்போட்டு, பிறகு வந்து பிழையைத் தேடும்."

அப்படியே செய்தோம். நூற்றறுபது கோடி என்று வந்ததனாலே தப்பினோம், அது ஹரிகாம்போதி. நிறுவனத்தின் இன்னொரு கோப்பிலே இரண்டு பெட்டி இலக்கங்கள் இருந்தன. 258 என்பது 1, 2, அதைத் திருப்பி வாசித்தால் 2, 1, அதாவது 513. இருநூற்றைம்பத்தெட்டு மூடைக்குப் பதிலாக ஐந்நூற்றுப் பதின்மூன்று மூடை. யார் சந்தேகப்படுவார்? அது சண்முகப்பிரியா. நான் இன்றும் பயப்படுவது நூற்றறுபது கோடிக்கல்ல, இந்த 513க்கே.

பிழையைத் திருத்தப் போனபோது இன்னொரு பிழை செய்தேன். "எல்லாவற்றையும் நான்கு நான்காகத் திருப்பிவிட்டால் முடிந்தது" என்று எண்ணிக் கோப்பு முழுவதையும் திருப்பினேன். இலக்கங்கள் நேராயின, பெயர்கள் தலைகீழாயின. பெயரிலே ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் ஒரு பெட்டிக்குரியது, அதைத் திருப்பலாகாது. இதற்கும் எனக்கு முன்னோர் இருந்தனர். யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை ஓர் இயந்திரத்திலிருந்து வேறொன்றுக்குக் கொண்டுபோனபோது, அதன் பெயரே ஈரிரண்டு எழுத்தாகப் புரண்டு "நுக்சி" என்று வந்ததாம். இன்றும் இந்தத் தொல்லைக்கு நுக்சிப் பிரச்சினை என்றொரு செல்லப்பெயர் உண்டு. இது பெயர், இது இலக்கம், இது எத்தனை பெட்டி என்று அறியாமல் திருப்புவது மருந்தாகாது.

"இவையெல்லாம் ஆங்கிலக்காரர் தொல்லை, எங்கள் தமிழுக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். தமிழுக்கும் உண்டு. 1991ஆம் ஆண்டிலே வெளிவந்த யூனிக்கோட் என்னும் உலக எழுத்து அட்டவணையின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. இரண்டு பைற்று முறையிலே எழுதினால் நாம் வழங்கும் தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பெரிய பைற்று 11. "த" என்பது 11, 164. "ம" என்பது 11, 174. "தமிழ்" என்ற சொல்லை எழுத ஐந்து குறிகள் வேண்டும்: த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. அதைப் பெருமுனை முறையிலே எழுதி, சிறுமுனையார் ஒருவர் கையிலே ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும்? முதற்குறி தென்மேற்குச் சீனத்திலே வழங்கும் யீ என்னும் எழுத்தாகும். மற்றை நான்கும் கொரிய எழுத்துகளாகும். தமிழ் என்ற சொல்லிலே தமிழ் ஒரு துளியும் மிஞ்சாது. ஒரு பைற்றும் அழியவில்லை; ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. ஒழுங்கு ஒன்றே மாறியது.

இதைத் தவிர்ப்பதற்கு யூனிக்கோட்டார் ஓர் அடையாளம் வைத்தார்கள். கோப்பின் தலைப்பிலே 254, 255 என்று இரண்டு பைற்று. வாசிப்பவருக்கு 254, 255 என்று வந்தால் பெருமுனை. 255, 254 என்று வந்தால் சிறுமுனை. நாம் எழுதத் தொடங்குமுன் பிள்ளையார் சுழி இடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழி தலைகீழாகத் தெரிந்தால் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று அறியலாமன்றோ? 1992இலே கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவர் வேறொரு வழி கண்டார்கள். யூ.ரி.எவ்.-8 என்னும் அந்த முறையிலே ஒவ்வொரு பைற்றுக்கும் ஒழுங்கு முன்னரே விதிக்கப்பட்டிருக்கிறது. "அ" என்பது எங்கும் எப்பொழுதும் 224, 174, 133தான். இன்று இணையத்திலே தமிழ் வாசிக்கும்போது பெரும்பாலும் இந்த முறையையே பயன்படுத்துகிறோம்.

இணையமும் இப்படியான ஓர் உடன்பாட்டின்மேலேயே நிற்கிறது. 1981இலே வகுக்கப்பட்ட இணைய நெறிமுறை, வழியிலே செல்லும் இலக்கங்கள் பெருமுனை ஒழுங்கிலே செல்லவேண்டும் என்று விதித்தது. வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டாலும் ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டாலும், வீட்டுக்குள்ளே எந்த முறையாயினும், வாயிலிலே திருப்பிக்கொண்டு போகவேண்டும். திருப்ப மறந்த இளைஞர் பலருக்கு 80ஆம் துறையிலே கதவு தட்டுவதாக எண்ணி 20480ஆம் துறையிலே தட்டிய அனுபவம் உண்டு.

பெரியோர்களே, இது கணினிக்கு மாத்திரம் உள்ள நோய் அல்ல. 03.04 என்று திகதி எழுதினால் கொழும்பிலே அது ஏப்பிரில் மூன்று. அமெரிக்காவிலே மார்ச் நான்கு. நம் வழக்கிலே தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. கந்தையா சிவலிங்கம் என்றால் அழைக்கவேண்டிய பெயர் சிவலிங்கம். அவர் வெளிநாடு சென்று படிவம் நிரப்பினால், பின்னே நிற்பது குடும்பப் பெயர் என்று அந்த நாட்டார் கொள்ளுவர். காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரைச் சொல்லி மகனை அழைப்பர். நாமும் பிழை செய்யவில்லை. அவர்களும் பிழை செய்யவில்லை. எந்தப் பக்கத்தால் வாசிப்பது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் கண்ட சிலவற்றைச் சொல்லுகிறேன்.

நினைவகத்திலுள்ளதை அள்ளி அப்படியே கோப்பிலே கொட்டாதீர்கள். ஒழுங்கு மாத்திரம் அன்று, அளவும் மாறும். சி மொழியிலே "லோங்" என்னும் எண், அறுபத்துநான்கு பிற்று விண்டோசிலே நான்கு பைற்று. அறுபத்துநான்கு பிற்று லினக்சிலே எட்டு. தொகுப்பி தன் வசதிக்காக இடையிடையே வெற்றுப் பெட்டிகளையும் செருகும். ஒரே செய்நிரலை இரண்டு தொகுப்பிகள் இரண்டு விதமாக அடுக்கலாம்.

கோப்புக்கு ஓர் ஒழுங்கை எழுத்திலே விதியுங்கள். இன்ன இடத்திலே இன்ன இலக்கம், இத்தனை பைற்று, இன்ன முனை முன்னே என்று ஒரு தாளிலே எழுதி வையுங்கள். எழுதும்போது 256ஆல் வகுத்து மிச்சத்தை எடுத்து ஒவ்வொரு பைற்றாக எழுதுங்கள். வாசிக்கும்போது 256ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கணக்கு எல்லா இயந்திரத்துக்கும் ஒன்றே, அடுக்குந்தான் வேறு. இவ்வாறு செய்பவன் தன் இயந்திரம் எந்த முனை என்று அறியவேண்டிய தேவையே இல்லை.

கோப்பின் தலைப்பிலே அடையாளம் இடுங்கள். ரிவ் என்னும் படக் கோப்பின் முதலிரண்டு எழுத்து "ஐ, ஐ" என்றிருந்தால் இன்ரெல் ஒழுங்கு. "எம், எம்" என்றிருந்தால் மொற்றோரோலா ஒழுங்கு. இரண்டையும் ஏற்பதற்கு அது போதும்.

பூச்சியத்தைக்கொண்டு பரீட்சிக்காதீர்கள். 1, 2, 3, 4 என்று நான்கு பைற்றும் வேறாகவுள்ள எண்ணைக்கொண்டு பரீட்சியுங்கள். அந்த எண் 16,909,060. எனக்கு அது மந்திரம்போலப் பாடம். திரும்பினாலும் தெரியும், பாதி திரும்பினாலும் தெரியும்.

கடைசியாக, கைப்பேரேடு எழுதுபவரைக் கேலி செய்யாதீர்கள். இரண்டாவது கணக்கு ஒன்று எங்கேனும் இருக்கவேண்டும். வேறு வழியிலே கூட்டிய மொத்தத்தோடு ஒப்பிடாத எந்த மாற்றமும் முடிந்த மாற்றம் அன்று.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஒரு வீட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டு வழக்கத்தைச் சொல்லவேண்டியதில்லை, பார்த்தே அறிவார்கள். இன்று பிள்ளைகள் பல தேசங்களிலே வளர்கிறார்கள். நீங்கள் விட்டுச்செல்லும் கடிதங்கள், உறுதிகள், சங்கக் கணக்குகள் எல்லாம் வேறு பழக்கமுடையவர் கைக்குப் போகின்றன. "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று விட்டுவிடாமல், எப்படி வாசிக்கவேண்டும் என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். மாயாமாளவகௌளை பதினைந்து என்பதை இன்றும் நாம் தவறாமல் அறிவது, பெயரைத் தந்தவர்கள் விதியையும் சேர்த்துத் தந்துவிட்டுப் போனதனாலேயே.

அன்று காசைப் பெற்றுக்கொண்ட முதியவர் போகும்போது என்னிடம், "பரவாயில்லைத் தம்பி, மெசின் என்ன செய்யும்?" என்றார். மெசின் ஒன்றும் செய்யவில்லை. அதற்குச் சொல்லவேண்டியதை நான் சொல்லவில்லை. அதை அவருக்குச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்று இச்சபையிலே சொல்லிவிட்டேன்.